ராகலை மாட்டுப்பட்டிக்கு வரப்போகும் டொக்டருக்கு



எந்த அன்டிபயோட்டிக் பக்டீரியாவின் சுவரை உடைக்கிறது, எது அதன் புரத உற்பத்தியை நிறுத்துகிறது என்பதையெல்லாம் பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தில் படித்து, பரீட்சையிலும் எழுதிவிடுவாய். நிஜமான பரீட்சை வலப்பனைக்குத் திரும்பிய பிறகுதான். ராகலைப் பக்கம், லயத்துக்குப் பின்னால் ஒரு மாட்டுப்பட்டி. மடி வீங்கிய பசு. மாட்டுக்காரருக்கு உன் விளக்கம் வேண்டாம், ஊசி வேண்டும். ஊசி போடாத டொக்டருக்கு எதற்குக் காசு என்பார்.

அவரைக் குறைசொல்ல முடியாது. தேயிலைச் சம்பளம் போதாத வீட்டில் பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பால் காசுதான் கைகொடுக்கிறது.

ஆனால் எல்லா மடிவீக்கத்துக்கும் அன்டிபயோட்டிக் தேவைப்படுவதில்லை. ஈ.கோலை கிருமியால் வரும் லேசான மடிவீக்கத்தில், பால் திரிந்து நம் கண்ணுக்குத் தெரியும் வேளையில், பசுவின் உடலே பெரும்பாலும் கிருமியை விரட்டி முடித்திருக்கும். எந்தக் காம்பில் கோளாறு என்பதை நான்கு குழிகள் கொண்ட தட்டில் பாலைக் கறந்து, சோதனைத் திரவம் கலந்து அங்கேயே பார்த்துவிடலாம். பால் கூழாகத் தடித்தால் அந்தக் காம்பின் பாலை ஆய்வுகூடத்துக்கு அனுப்பு. கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரியவரும். காய்ச்சல் அடித்து, தீனி தின்னாமல் படுத்துவிட்ட மாட்டுக்கு மட்டும் முடிவு வரும்வரை காத்திருக்காதே. சிக்கனம் வேறு, கைவிடுதல் வேறு.

அன்டிபயோட்டிக் கொடுத்தால், மருந்துப் பெட்டியில் குறித்துள்ள காலம் முடியும்வரை பாலை விற்கக்கூடாது. காய்ச்சினாலும் பெரும்பாலான எச்சம் போகாது. பெனிசிலின் கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது, ஏனென்றால் தயிராக்கும் நல்ல பக்டீரியாவையும் அது தடுக்கிறது. பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் முடித்துவிடும். ஒற்றைப் பசு வைத்திருப்பவருக்கோ அந்த நாட்களில் வருமானமே இல்லை. பாலைக் கீழே ஊற்று என்று சொல்வது சுலபம். ஊசியை எடுக்கும் முன்பே அந்த நட்டத்தைப் பற்றி அவரோடு பேசாத டொக்டர், அவரை மறைத்து விற்கத் தூண்டுகிறார்.

பாலோடு விஷயம் முடிவதில்லை. மருந்தைத் தாங்கிப் பிழைத்து அதற்கு அடங்காமல்போன கிருமி சாணத்திலும் வெளியேறும். அந்தச் சாணம் கந்தப்பளை, நுவரெலியாப் பக்கத்து லீக்ஸ், கரட் பாத்திகளுக்கு எருவாகப் போகும். கொலிஸ்டின் கதை தெரியுமா? வேறு மருந்து எதுவும் கேளாத நோயாளிகளுக்கென மனித வைத்தியர்கள் ஒதுக்கிவைத்திருந்த மருந்து அது. சீனாவில் பன்றிகளுக்குத் தீனியோடு கொடுத்தார்கள். அதை எதிர்க்கும் மரபணு ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை 2015இல் அங்கே கண்டுபிடித்தார்கள். இந்தியா 2019இல் உணவுக்கான விலங்குகளுக்கு அதைத் தடைசெய்தது. குறைந்த அளவு பெனிசிலின் கிருமிகளைப் பழக்கிவிடும் என்று 1945இலேயே தன் நோபல் உரையில் எச்சரித்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங், கேட்டவர்கள்தான் குறைவு.

மருந்தைக் குறைக்கவும் முடியும். நோர்வே சால்மன் மீன் பண்ணைகளில் 1980களில் அன்டிபயோட்டிக் டன் கணக்கில் கொட்டப்பட்டது. நல்ல தடுப்பூசிகள் வந்தபின் மீன் உற்பத்தி பெருகியது, மருந்துப் பாவனையோ சிறு துளியாகச் சுருங்கியது. அதைச் செய்தது முக்கியமாகத் தடுப்பூசிதான்.

மடிநோய்க்கு அப்படிக் கைகொடுக்கும் தடுப்பூசி இல்லை, துப்புரவு இருக்கிறது. மலைநாட்டு மழையில் பட்டி சேறாகிவிடும். சாணத்தை வழித்து, தரையைக் காயவைக்கச் சொல். ஒவ்வொரு பசுவுக்கும் தனித் துணியால் மடியைத் துடைக்கச் சொல். கறந்து முடித்ததும் காம்புத் துளை கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், அப்போது பசு சேற்றில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும். ஆகவே காம்பைக் கிருமிநாசினியில் நனைத்துவிட்டு, வெட்டிவைத்த புல்லை அந்த வேளையில் போடச் சொல். அது தின்னும்வரை நின்றுகொண்டிருக்கும்.