கழுத்தைக் காப்போம், குடும்பத்தைக் காப்போம்



மாரியூர்க் கடற்கரைக்கும் உப்பளத்துக்கும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறீர்கள். தார் ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஆபத்தும் தொடங்குகிறது. முன்சக்கரம் மணலில் புதைந்தால் வண்டி நின்றுவிடும். ஓட்டுபவரோ முன்னால் வீசப்பட்டுத் தலைகுப்புற விழுவார்.

நம் கழுத்தில் 7 எலும்புகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே தண்டுவடம் ஓடுகிறது. மூளையின் கட்டளை அதன் வழியாகத்தான் கைகால்களுக்குப் போகிறது. அது அறுந்தால் திரும்ப ஒட்டுவதில்லை. உழைத்த கைகள் ஓய்ந்துபோனால் வீடு என்ன ஆகும்?

கழுத்துக் காப்பு என்றால் என்ன?

மணலிலும் மேடுபள்ளத்திலும் வண்டி ஓட்டும் பந்தய வீரர்கள் ஹெல்மெட்டுக்குக் கீழே, தோள்மேல் அணியும் கெட்டியான வளையம் இது. 2001-ல் உடன் ஓட்டிய ஒருவர் இறந்ததைக் கண்ட தென்னாப்பிரிக்க டாக்டர் கிறிஸ் லெட் இப்படி ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். தலை அளவுக்கு மீறிச் சாயும்போது ஹெல்மெட்டின் விளிம்பு வளையத்தில் முட்டி நிற்கும். கழுத்தில் விழும் பாரம் குறையும். ஆனாலும் எல்லாக் காயத்தையும் அது தடுத்துவிடாது.

"ஏங்க, கழுத்து வலிக்கு டாக்டர் குடுத்த பட்டை வீட்டுல கிடக்கே, அது போதாதா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். போதாது. அது வலிக்கு ஓய்வு தரும் பட்டை. விழும் அடியைத் தாங்காது. அதைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டவும் கூடாது. பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது.

வாங்கும்போது கவனியுங்கள்:

1. முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டோடுதான் கழுத்துக் காப்பு பயன்படும். அரை ஹெல்மெட்டோடு போட்டால் பயனில்லை.
2. உங்கள் ஹெல்மெட்டைக் கடைக்குக் கொண்டுபோய், இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். தலையை இருபுறமும் திருப்ப முடிய வேண்டும். வளையம் தோளில் ஆடக் கூடாது.
3. வார்களைப் பூட்டாமல் ஓட்டாதீர்கள்.
4. விழுந்து விரிசல் கண்டதை மறுபடி போடாதீர்கள்.

கையில் பணம் அளவாக இருந்தால், முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பின்னால் உட்காரும் மனைவிக்கும் தலை ஒன்றுதானே! மணல் வந்ததும் மனைவியை இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது காசில்லாத காப்பு.

யாராவது விழுந்துவிட்டால்:

"தூக்குப்பா, வண்டியில உக்கார வை" என்று அவசரப்படாதீர்கள். இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோனால், ஒடிந்த எலும்பு தண்டுவடத்தை அறுத்துவிடலாம். 108-க்குப் போன் செய்யுங்கள். ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து, இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மூச்சுத் தடைப்பட்டால் தவிர ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள்.

இன்றிரவே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்: நம் வீட்டில் ஹெல்மெட் எத்தனை?

மெதுவாய்ப் போவோம்! முழுதாய் வீடு திரும்புவோம்!