விலகல் கடிதத்தை ஏன் உங்களிடம் கேட்கிறார்கள்?

கேள்வி: திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் லிகிதராக இருக்கிறேன். சேர்ந்து ஒன்பது மாதம். நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி, மூன்றாவது பிள்ளை. “நிரந்தரமாகாதவர்களுக்குப் பிரசவ லீவு இல்லை, மூன்றாம் பிள்ளைக்கு எப்படியும் பாதிதான். நீங்களே விலகல் கடிதம் தந்துவிடுங்கள்” என்கிறார் முகாமையாளர். வேண்டாமென்றால் அவர்களே என்னை நிறுத்தலாமே, கடிதம் எதற்கு?
– வாசகி, உப்புவெளி

பதில்: சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள், சகோதரி. உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. முதலில் முகாமையாளர் சொன்ன இரண்டையும் பார்த்துவிடுவோம்.

உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். பிரசவ லீவு விடயத்தில் அது நிரந்தர ஊழியர், தகுதிகாண் காலத்தில் (வேலைக்குப் பொருத்தமானவரா என்று பார்க்கும் ஆரம்பக் காலத்தில்) இருப்பவர் என்று பிரிக்கவில்லை. மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள் மட்டுமே என்பது ஒரு காலத்தில் உண்மைதான். 2018இல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. இப்போது எத்தனையாவது பிள்ளை என்றாலும் முழுச் சம்பளத்துடன் 84 நாள். வார விடுமுறை, போயா, சட்டப்படியான விடுமுறை நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. தொழிற்சாலை, தோட்டப் பெண்களுக்கான 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் 2018இலேயே இவ்வாறு திருத்தப்பட்டது.

இனிக் கடிதத்துக்கு வருவோம். கர்ப்பம், பிரசவம், அவற்றால் வரும் நோய் ஆகியவற்றைக் காரணமாக வைத்து ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது சட்டம். அவர்கள் நீக்கினால் ஆறு மாதத்துக்குள் நீங்கள் தொழில் நியாய சபைக்கு, அதாவது முதலாளி–தொழிலாளி பிணக்குகளை விசாரிக்கும் மன்றத்துக்கு, முறையிடலாம். ஏன் நீக்கினோம் என்று அங்கே அவர்கள் பதில் சொல்ல வேண்டும். நீங்களாக விலகிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. அவர்கள் தேடுவது அந்தப் பாதுகாப்பைத்தான்.

அப்படியானால் இந்த நெருக்குதல் எங்கிருந்து வருகிறது? முதலாளிக்கு மனம் கல் என்று மட்டும் சொன்னால் போதாது. இலங்கையில் பிரசவ லீவுச் சம்பளம் முழுவதையும் அந்தந்த முதலாளியே தன் கையிலிருந்து கொடுக்கிறார். ஐந்தாறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் லீவில் இருப்பவருக்கும் சம்பளம், அவருடைய வேலையைப் பார்ப்பவருக்கும் சம்பளம். அதனால்தான் புதிதாகக் கல்யாணமான பெண் நேர்முகத்துக்குப் போனால் “பிள்ளை எப்போது?” என்று கேட்கிறார்கள். சர்வதேச தொழில் அமைப்பின் 1952ஆம் ஆண்டு மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயம் இச்செலவைத் தனி முதலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது. சமூகக் காப்புறுதியிலிருந்தோ (எல்லோரும் பங்களிக்கும் பொது நிதி) அரச நிதியிலிருந்தோ அது வரவேண்டும். இலங்கை அதை 1993இல் ஏற்று ஒப்பமிட்டது, ஆனால் அப்படியொரு நிதி இன்றும் இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுத்தாலும், அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம். தனியார் அலுவலகத்தை அது தொடாது. அரசு அடைக்க வேண்டிய ஓட்டைகள் இவை. அவற்றின் விலையைக் கர்ப்பிணிப் பெண் கட்டுவது அநியாயம்.

நீங்கள் செய்ய வேண்டியது: கர்ப்பத்தையும் பிரசவம் எதிர்பார்க்கும் திகதியையும் எழுத்தில் அறிவியுங்கள். கிளினிக் அட்டையின் பிரதியை இணைத்து, கடிதத்தின் மறுபிரதியில் “கிடைத்தது” என்று திகதியுடன் கையெழுத்து வாங்குங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் வீட்டில் வைத்திருங்கள். நெருக்குதல் தொடர்ந்தால் திருகோணமலையிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். விலகல் கடிதத்தில் மட்டும், திகதி போடாத தாளாக இருந்தாலும், கையெழுத்து வைக்காதீர்கள்.