ஆத்தங்குடிக் கல் சூளை ஏறுவதில்லை

கேள்வி: எனக்கு வயது 46. காரைக்குடியில் தனியார் வங்கி ஒன்றில் மேலாளர். டார்கெட், ரிவியூ என்று ஓடி அலுத்துவிட்டது. கைவேலையில் சிறுவயது முதலே ஆசை உண்டு. வேலையை விட்டுவிட்டு, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றில் செராமிக் கற்றுக்கொண்டு அதையே தொழிலாக்கலாமா? மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்த வயதில் இது சரிப்பட்டு வருமா?

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் செராமிக் இல்லை. அது சிமென்ட் வேலை, சூளைக்கே போகாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமென்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்வார்கள். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவேண்டும். பூ இருக்கும் பக்கம் கீழே இருப்பதால், கண்ணாடியைப் பிரிக்கும்போதுதான் கல்லின் முகம் தெரியும். கல்லுக்குப் பளபளப்பு கொடுப்பதும் அந்தக் கண்ணாடிதான். உங்கள் ஆசை தரை, நிறம், கோலம் இவற்றில் என்றால் ஆத்தங்குடிக்கே போங்கள்; நல்ல தொழில்.

மண்ணும் நெருப்பும்தான் இழுக்கின்றன என்றால், உங்கள் மாவட்டத்திலேயே மானாமதுரை இருக்கிறது. அங்கே வேளார் வீடுகளில் பானையும் கடமும் செய்கிறார்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பச்சைக் கடத்தின் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்குவதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். மெருகு பூசிய ஸ்டோன்வேர் பாத்திரங்கள்தான் வேண்டும் என்றால் புதுச்சேரி. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் கற்றவர்கள் இன்று நாடெங்கும் பட்டறை வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் கற்றுக்கொள்ள வழி உண்டு.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்கக் கலைஞர் பியாட்ரிஸ் வுட் 1933-ல், 40 வயதில், களிமண் வகுப்பில் சேர்ந்தார். வாங்கி வைத்திருந்த தட்டுகளுக்குப் பொருத்தமாக ஒரு தேநீர்க் கெண்டி செய்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். அதன்பின் மண்ணை விடவே இல்லை. 1998-ல், 105 வயதில் காலமானார்.

கவலைப்பட வேண்டியது உடம்பையும் பணத்தையும் பற்றித்தான். மண் பிசைவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை. சக்கரத்தில் குனிந்து உட்காருவது இடுப்புக்குச் சோதனை. காய்ந்த மண்தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். பட்டறையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஈயம் கலந்த மெருகு கூடவே கூடாது.

மண் அவசரத்துக்கு இடம் கொடுக்காது. ஈரம் முழுதாகப் போகாத பாத்திரத்தைச் சூளையில் வைத்தால், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெடித்துவிடும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும்; ஆறும்போது அதே சூட்டில் சுருங்கும். அந்தக் கட்டத்தில் வேகம் காட்டினால் விரிசல்தான். இதெல்லாம் கைக்குப் பிடிபட வருடங்கள் ஆகும். அதுவரை மகளின் கல்லூரிக் கட்டணத்தை மண் கட்டாது. பட்டறை வைத்த பிறகும் பலருக்கு மாதச் செலவு ஓடுவது பாத்திரம் விற்பதை விட, வகுப்பு எடுப்பதில்தான்.

ஆகவே இப்போது ராஜினாமா வேண்டாம். மின்சூளை, சக்கரம் எதையும் வாங்கவும் வேண்டாம். ஒரு வருடம் விடுமுறை நாட்களில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். செய்ததை அடுத்தவர் சூளையில் கூலிக்குச் சுட்டு, முன்பின் தெரியாத நாலு பேரிடம் விற்றுப் பாருங்கள். மகள் படிப்பு முடியட்டும். இரண்டு வருடக் குடும்பச் செலவு கையில் சேரட்டும். அப்போதும் ஆசை குறையவில்லை என்றால் தயங்காமல் வேலையை விடுங்கள்.