டெமோசோலோமைடு எடுப்பவர் வீட்டில் இருக்கிறாரா?

மூளைக் கட்டிக்குத் தரப்படும் டெமோசோலோமைடு கேப்சூல், எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கும். பலருக்குக் குறைந்த ரத்த அணுக்கள் தானாகவே மீண்டுவிடும். அரிதாகச் சிலருக்கு மஜ்ஜையே செயலிழக்கலாம். பிற்காலத்தில் ரத்தப் புற்றுநோயும் வரலாம்.

● கதிர்வீச்சுடன் தினமும் எடுக்கும் நாட்களில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை அவசியம். பிறகு 28 நாள் சுற்றில் 5 நாள் மட்டும் எடுக்கும்போது, 22-ஆம் நாளையொட்டிப் பாருங்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். அணுக்கள் அதிகம் குறைவது மூன்றாம், நான்காம் வாரத்தில்தான்.

● புதிய சுற்று தொடங்க, பொதுவாகப் பிளேட்லெட் 1 லட்சமும் நியூட்ரோஃபில் 1,500-ம் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டை மருத்துவர் பார்த்த பிறகே கேப்சூலைத் தொடங்குங்கள்.

● காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

● பல் துலக்கும்போது ரத்தம், காலில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள், கருப்பாக மலம், நாலு படி ஏறினாலே மூச்சிரைப்பு: எதுவானாலும் உடனே சொல்லுங்கள்.

● வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் நிமோனியாவாக இருக்கலாம். அதைத் தடுக்கத் தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

● தலைவலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

● கேப்சூலைப் பிரிக்கவோ மெல்லவோ கூடாது. முழுதாக விழுங்குங்கள்.

● ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். அவசரத்துக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.