காலடிக்கு ஒரு விளக்கு



நான் உங்கள் வயதில் இருந்தபோது எங்கள் வீட்டில் மூன்று கட்டை டார்ச் ஒன்று இருந்தது. அப்பா இரவில் கழனிக்குப் போய்த் திரும்பும்போது அதைத் தூரத்துப் புளியமரத்தில் அடித்துக்கொண்டே வருவார். அவ்வளவு தூரம் வெளிச்சம் போகிறதே என்பதில் அவருக்குப் பெருமை. ஒரு மழைக்கால இரவில் வரப்பில் நடந்து வந்தவர், காலருகே "புஸ்" என்ற பெருஞ்சீறல் கேட்டுத் துள்ளிப் பின்வாங்கினார். கண்ணாடி விரியன்! வெளிச்சம் மரத்தில் இருந்தது. ஆபத்தோ காலடியில் கிடந்தது. அது சீறியதால் அப்பா பிழைத்தார்.

டார்ச் வைத்திருப்பது வேறு, அதைப் பயன்படுத்தத் தெரிவது வேறு. அதுவே இன்றைய பாடம்.

மடங்கிய கழுத்து

சாதாரண டார்ச்சில் உடலும் தலையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். இன்னொரு வகை டார்ச்சுக்கு உடல் செங்குத்தாக நிற்க, தலை மட்டும் 90 பாகை மடங்கி முன்னோக்கிப் பார்க்கும். முதுகில் ஒரு பிடிப்பான் இருக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினர் இவ்வகை டார்ச்சை இடுப்பு வாரிலும் மார்பிலும் மாட்டிக்கொண்டனர். கைகள் இரண்டும் வேறு வேலைக்கு வேண்டுமல்லவா? நமக்கும் அப்படியே. ஒரு கையில் தட்டிச் செல்லக் கோல், மறு கையில் தம்பியின் கையோ பால் தூக்கோ இருந்தாலும் வெளிச்சம் நம்மோடு வரும்.

ஒளி பிறக்கும் விதம்

பழைய டார்ச் பல்பில் மெல்லிய இழை சூடேறி ஒளிர்ந்தது. மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாய் வீணாயிற்று. கீழே விழுந்தால் இழை அறுந்தது. இன்றைய டார்ச்சுகளில் இருப்பது எல்.இ.டி. எனும் ஒளி உமிழ் டையோடு. இதில் இழையே இல்லை. அதனால் விழுந்தாலும் எளிதில் கெடாது. சிறிது மின்சாரமே போதும். நீல எல்.இ.டி.யின் மீது மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசினால் வெண்ணொளி கிடைக்கும். அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவர் 2014-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

ஒரு சிறு கணக்கு

வெளிச்சம் எங்கே விழ வேண்டும்? நாம் மணிக்கு 4.5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், ஒரு விநாடியில் 125 செ.மீ. கடக்கிறோம். டார்ச் இடுப்பில், தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம்.

தலையை 45 பாகை கீழே சாய்த்தால் ஒளியின் நடுப்பகுதி 90 செ.மீ. முன்னால் விழும். அந்த இடத்தை அடைய முக்கால் விநாடிகூட ஆகாது. பாம்பைப் பார்த்து நிற்பதற்குள் மிதித்துவிடுவோம். 20 பாகை மட்டும் சாய்த்தால் ஏறக்குறைய 247 செ.மீ. முன்னால் விழும். இப்போது நமக்கு 2 விநாடி கிடைக்கிறது. நின்றுவிட அது போதும்.

பாவாடை தாவணியில் இடுப்பு வார் ஏது என்று கேட்பீர்கள். புத்தகப் பையின் தோள்வாரில் மாட்டுங்கள். அங்கே உயரம் 120 செ.மீ. என்றால், அதே தூரத்துக்கு 26 பாகை சாய்வு வேண்டும். டார்ச்சின் தலை திரும்பாத வகையானால், மேற்பகுதிக்குப் பின்னால் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகினால் அது முன்னோக்கிச் சாயும்.

இக்கணக்கு விளையாட்டல்ல. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தோர் சுமார் 12 லட்சம் பேர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வெளிநாட்டார் பாதங்களுக்கு ஷூ தைக்கிறோம். வேலை முடிந்து இருட்டில் பஸ்ஸிறங்கி வீட்டுக்கு நடக்கும் நம் அம்மா, அக்காமாரின் காலில் என்ன இருக்கிறது? மூடிய செருப்பும் சரியாய்ச் சாய்ந்த விளக்கும் சேர்ந்தால்தான் காவல் முழுமையாகும்.

அதையும் மீறிக் கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ தெரியாமலும் இருக்கலாம். அதனால் "ஒன்றுமில்லை" என்று படுத்துவிடக் கூடாது.

காவலூர் சொல்லும் பாடம்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையேறினால் காவலூர். அங்குள்ள வானாய்வகத்தில் 234 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி 1986-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அது வைணு பாப்பு என்ற வானியல் அறிஞரின் பெயரைத் தாங்கியுள்ளது. மங்கலான விண்மீன்களைக் காண அங்கே இருள் வேண்டும். ஊர் விளக்குகளின் ஒளி மேல்நோக்கிச் சிதறினால் வானம் வெளுத்து, அந்த விண்மீன்கள் மறைந்துவிடும். ஒளியைத் தேவையான இடத்தில், தரையில் மட்டும் விழச் செய்தால் பாம்பும் தெரியும், விண்மீனும் தெரியும்!

நம் கண்கள் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு நொடி வெண்ணொளி பட்டாலும் அப்பழக்கம் கலையும். மங்கிய செவ்வொளி அதை அவ்வளவாகக் கலைப்பதில்லை. ஆகவே வானம் பார்ப்போர் மங்கிய சிவப்பு விளக்கையே பயன்படுத்துவர். படைவீரர் டார்ச்சின் அடிமூடிக்குள்ளும் சிவப்பு வில்லை ஒன்று இருந்தது. நீங்களும் சிவப்புக் கண்ணாடித் தாளை டார்ச்சின் முகத்தில் கட்டி, அமாவாசையன்று மொட்டை மாடியில் சோதித்துப் பாருங்கள்.

டார்ச் வைத்திருப்போர் கவனிக்க

1. நாள்கணக்கில் பயன்படுத்தாவிடில் கட்டைகளை வெளியே எடுத்து வைக்கவும். கசிந்தால் உள்ளிருக்கும் தகடுகளை அரிக்கும்.
2. பழைய கட்டையையும் புதியதையும் கலந்து போட வேண்டாம்.
3. மழையில் நடப்போர் பெட்டியில் உள்ள குறியீட்டைப் பார்த்து வாங்குக. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் நீர்த் தெறிப்பைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.7 என்றால் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும்.
4. எவர் முகத்திலும் அடிக்க வேண்டாம். எதிரே வருபவருக்குச் சிறிது நேரம் வழியே தெரியாது.
5. கதவருகே ஒரே ஆணியில் மாட்டி வைக்கவும். இருட்டில் தேடும் விளக்கு விளக்காகாது.

இன்று மாலையே வீட்டிலுள்ள டார்ச்சை எடுத்து, உயரத்தையும் ஒளி விழும் தூரத்தையும் அளந்து பாருங்கள். பிறகு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். என் அப்பாவுக்கு நான் சொன்னேன். அன்றிலிருந்து அவர் புளியமரத்தை அதன் இருட்டிலேயே விட்டுவிட்டார்.