கிளீட்டை உள்ளே தள்ளினால் கால் வெளியே போகும்

ஏழு வருஷம் உழைத்த சைக்கிள் ஷூவின் அடி பிளந்துவிட்டது. புதுசு வாங்கி வந்த ராத்திரியே, பழைய ஷூவின் அடியில், பெடலில் மாட்டும் கிளீட் எந்தக் கோட்டில் நின்றதோ அதே கோட்டில் இதிலும் வைத்து முடுக்கினேன். பத்து நிமிஷ வேலை. மறுநாள் விடியற்காலை ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பும்போது, முட்டுக்காடு பாலத்தில் வலது முட்டியின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. திருவான்மியூர் வருவதற்குள் இடது காலால் மட்டும்தான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

ஷூவின் அடியில் அச்சடித்திருக்கும் கோடுகள் அந்தந்தக் கம்பெனியின் கணக்கு. ஒன்றின் மூன்றாவது கோடும் இன்னொன்றின் மூன்றாவது கோடும் ஒரே இடத்தில் விழுவதில்லை. அளவைக் காலிலிருந்து எடுக்காமல் ஷூவிலிருந்து எடுத்ததுதான் நான் செய்த தப்பு.

இப்போது வேறு மாதிரி. ஷூவைப் போட்டு, ஓட்டும்போது இறுக்குகிற அளவுக்கே ஸ்ட்ராப்பை இறுக்கிக்கொண்டு, பெருவிரலின் அடியில் புடைத்திருக்கும் எலும்பை ஷூவுக்கு மேலேயே விரலால் அழுத்தித் தேடுவேன். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் பாதம் மடங்கும் இடம் அகப்பட்டுவிடும். அதற்கு நேரே ஷூவின் பக்கவாட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப், அதில் பேனாவால் ஒரு கோடு. சுண்டுவிரல் பக்கத்து எலும்புக்கும் வெளிப்பக்கம் இதே போல் ஒன்று. அது கொஞ்சம் பின்னால் இருக்கும். இரண்டு கோட்டுக்கும் நடுவே பெடல் அச்சு வந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக அமையும். என்னுடையது எஸ்பிடி, இரண்டு போல்ட் வகை. அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு போல்ட்டையும் சேர்க்கும் கோடு ஏறக்குறைய அச்சுக்கு மேலேயே நிற்கும் என்பதால் கணக்கு சுலபம். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் 200 கிலோமீட்டர் முடிக்க வேண்டிய பிரெவே ஓட்டுவதால், நான் இன்னும் 3 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறேன். கெண்டைக்காலுக்கு வேலை குறைகிறது, விரல் மரத்துப்போவதும் நின்றது. ஆனால் இப்படித் தள்ளினால் பெடல் காலுக்குக் கிட்டே வந்துவிடுவதால் சீட்டை ஒரு நூல் இறக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது கோணம். என் முட்டியைக் கெடுத்தது இதுதான். சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் தொங்கவிட்டுக் குனிந்து பார்த்தேன். இடது பாதம் நேராக நிற்கிறது. வலது பாதம் வெளியே, வாசல் பக்கம் திரும்பி நிற்கிறது. நாற்பத்தாறு வருஷமாக இந்தக் காலோடுதான் நடமாடுகிறேன், அன்றைக்குத்தான் கவனித்தேன். நானோ இரண்டு கிளீட்டையும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வைத்திருந்தேன். பழைய ஷூவில் வலது கிளீட் தளர்ந்து தளர்ந்து தானாகவே காலுக்கு வாகாகத் திரும்பியிருக்க வேண்டும்.

பாதம் வெளியே திரும்ப வேண்டுமானால் கிளீட்டின் கூர்முனையை உள்பக்கம், அதாவது பெருவிரல் பக்கம், திருப்ப வேண்டும். பெடலில் கிளீட் எப்போதும் நேர்முகமாகத்தான் மாட்டும், திரும்புவது ஷூதான். மற்றதும் இப்படியே. கிளீட்டைப் பின்னால் தள்ளினால் கால் முன்னால் போகும். உள்ளே தள்ளினால் கால் வெளியே போகும். ஷூவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேலை செய்வதால் இடது வலது வேறு மாறித் தெரியும். நான் முதலில் வலதை நேர் எதிராகத் திருப்பிவிட்டு, வலி ஏன் கூடுகிறது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

போல்ட் விஷயத்தில் அலட்சியம் கூடாது. மரையில் கிரீஸ் தடவி, 4 மில்லிமீட்டர் ஆலன் கீயால் இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் போதும். பழைய ஷூவில் ஒரு முறை ஒரு போல்ட் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. சிக்னலில் குதிகாலை வெளியே திருகுகிறேன், ஷூ மட்டும் சுழல்கிறது, கிளீட் பெடலை விடவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோவின் மேலேயே சாய்ந்து, ஸ்ட்ராப்பைப் பிரித்துக் காலை மட்டும் உருவிக்கொண்டேன். ஷூ பெடலிலேயே தொங்கியது. ஆட்டோக்காரர் திட்டக்கூட மறந்துபோனார். (காலை இப்படிப் பூட்டிவைக்கும் பெடலுக்கு ‘கிளிப்லெஸ்’ என்று பெயர். பழைய கூண்டு கிளிப் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக.)

புது ஷூவில் பெடலின் பிடி இறுக்கத்தைக் குறைந்தபட்சத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது முப்பது தடவை மாட்டிக் கழற்றிப் பழகினேன். பிறகு ஆலன் கீயைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் தெருவிலேயே சுற்றினேன். ஒரு சுற்று, இறங்கு, ஷூவைக் கழற்று, வலது கிளீட்டை ஒரு மயிரிழை திருப்பு, மறுபடி ஒரு சுற்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. சரியாக அமைந்ததும் வெள்ளி மை பேனாவால் கிளீட்டைச் சுற்றி வரைந்துவைத்தேன்.

எதிர் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் முதல் சுற்றிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன சார், முள்ளு குத்திருச்சா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். ஐந்தாவது தடவை நான் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபோது, தெருவைக் கடந்து வந்து ஒரு ஊக்கை நீட்டினார்.