அபாய மணி ஒலித்த பின்: தோட்டங்களில் அவசரநிலைக் குழு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு மணியைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. பொழுது புலருமுன் மணி ஒலிக்கும். ஆட்கள் பெரட்டுக் களத்தில் கூடுவர். மண்டோர் தம் ஆட்களை ஒரு பார்வை பார்த்த அளவிலேயே வராதவர் யார் என்பதைக் கூறிவிடுவார். கிராணி அதனைச் செக்ரோலில் குறித்துக்கொள்வார். சில நிமிடங்களில் அனைவருக்கும் வேலை பிரித்தளிக்கப்பட்டுவிடும். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரே தலைவர், ஒவ்வொரு தலைவருக்கும் கண்ணுக்கும் குரலுக்கும் எட்டிய அளவில் ஆட்கள், ஒவ்வொருவருக்கும் முன்பே தெரிந்த வேலை. அவசரநிலை நிர்வாகம் பற்றிய பெரும் நூல்கள் வற்புறுத்தும் ஒழுங்கும் இதுவேயாகும்.

ஆயினும் அதே தோட்டத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்கு உரக் கிடங்கில் தீப்பற்றிக்கொண்டால் இந்த ஒழுங்கு எங்கே போய்விடுகிறது? நெகிரி செம்பிலானில் நாம் சென்றிருந்த ஒரு தோட்டத்தில் அலுவலகச் சுவரில் அவசரநிலைக் குழுவின் பெயர்ப்பலகை கண்ணாடியிட்டு மாட்டப்பட்டிருந்தது. அழகிய எழுத்து. ஒத்திகை பார்க்கலாமே என்று நிர்வாகத்தார் இசைந்தனர். மணி அடிக்கப்பட்டது. தீயணைக்கும் பொறுப்பாளராக எழுதப்பட்டிருந்தவர் ஓய்வு பெற்று மகளுடன் சிரம்பானில் குடியேறி ஈராண்டு ஆகியிருந்தது. முதலுதவிப் பொறுப்பாளர் காலமாகிவிட்டார். கிடங்கின் சாவி கிராணியிடம் இருந்தது. கிராணியோ அன்று விடுப்பில் இருந்தார். பெரும்பாலான ஆட்கள் வங்காளதேசத்தினரும் இந்தோனேசியருமாக இருந்தமையால் ஒலிபெருக்கியில் தமிழிலும் மலாயிலும் சொல்லப்பட்டதைப் பாதிப் பேர் விளங்கிக்கொள்ளவில்லை. எவரும் சோம்பேறிகள் அல்லர், எல்லாரும் ஓடினர், ஆனால் எல்லாரும் ஒரே இடத்திற்கே ஓடினர். அன்று எரிந்தது காய்ந்த மட்டைக் குவியல் மட்டுமே என்பது நமது நல்லூழ்.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. ‘அவசரகாலம்’ என்றவுடன் நம் தோட்டத்து முதியவர்களுக்கு முள்வேலியும் அரிசிப் பங்கீடும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களின் துப்பாக்கியும் நினைவுக்கு வரும். 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை நீடித்த அந்தக் காலம் வேறு. நாம் பேசுவது வேறு. ஆகவே இக்கட்டுரையில் ‘அவசரநிலை’ என்ற சொல்லையே ஆளுகிறோம்: தீ, வெள்ளம், இரசாயனக் கசிவு, ஆலை விபத்து, தொற்றுநோய் முதலியன.

புக்கிட் பெலாண்டோக் கற்பித்த பாடம்

நம் மாநிலத்தார் எளிதில் மறக்க இயலாத அவசரநிலை ஒன்றுண்டு. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளைச் சார்ந்தோரிடையே மூளைக்காய்ச்சல் தோன்றியது. அங்கிருந்து பன்றிகள் லாரிகளில் தெற்கே கொண்டுவரப்பட்டன. நோயும் உடன் வந்தது. ஆண்டிறுதியிலும் 1999-இன் தொடக்கத்திலும் சிக்காமாட், சுங்கை நீப்பா, புக்கிட் பெலாண்டோக் ஆகிய இடங்களில் மக்கள் அடுத்தடுத்து நோயுற்றனர். நாடு முழுவதிலும் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் மாண்டனர்.

முதலில் இது கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. எனவே புகை அடித்தல், தடுப்பூசி போடுதல் என நடவடிக்கைகள் யாவும் கொசுவை நோக்கியே இருந்தன. ஆனால் அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கு விழுந்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த வயது வந்த ஆடவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. பண்ணைக்குள் போகாத அண்டை வீட்டார் அதே கொசுக்கடிக்கு ஆளாகியும் நலமாக இருந்தனர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளிகளின் மாதிரியிலிருந்து புதியதொரு கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அதன் பின்னரே சுகாதாரத் துறை, கால்நடைத் துறை, காவல் துறை, இராணுவம் ஆகியவை துணைப் பிரதமர் தலைமையிலான அமைச்சர்நிலைக் குழுவின்கீழ் ஒருமுகமாக இயங்கின. 10 லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டு, நோய் அடங்கியது.

குழு அமைப்போர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கொசு மட்டுமே காரணம் என்றால் பொருந்தாத செய்திகள் பண்ணையிலேயே கிடந்தன. எந்தப் பன்றி இருமிற்று, எவன் அதனைத் தூக்கினான், எவன் மறுவாரம் காய்ச்சலில் விழுந்தான் என்பதைப் பண்ணை ஆள் அறிவான். ஆதலின் அவசரநிலைக் குழுவில் பதவியுடையோர் மட்டும் அமர்ந்தால் போதாது. பொருளைக் கையால் தொட்டு வேலை செய்பவரும் அமர வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து. மருந்து தெளிப்போரை விட்டுவிட்டுக் களைக்கொல்லி விபத்துக்குத் திட்டம் வரைவது வீண் வேலை.

நாட்டளவில் நிகழ்ந்தது

1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். இடிபாடுகளுக்கிடையே தேடி மீட்பதற்கென்றே பயிற்றப்பட்ட தனிப்படை அன்று நம்மிடம் இல்லை. அடுத்த ஆண்டே ‘ஸ்மார்ட்’ என்னும் சிறப்பு மீட்புப் படையை அமைக்க அரசாங்கம் முடிவு செய்தது. 1997 மே மாதத்தில் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் ஆணை வெளிவந்தது. பேரிடர்களை மாவட்டம், மாநிலம், மத்திய அரசு என மூன்று நிலைகளாக அது பிரித்தது. மாவட்டத்தில் மாவட்ட அதிகாரி குழுத் தலைவர். சம்பவ இடத்திலோ காவல்துறைத் தலைவர் கட்டளையிடுவார், தீயணைப்பு அதிகாரி அவருக்குத் துணைவர். 2015 அக்டோபர் முதல் ‘நட்மா’ எனப்படும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் இப்பணியை ஒருங்கிணைத்து வருகிறது.

தோட்ட நிர்வாகி ஒருவர், “எம் தோட்டத்தில் நானே தலைவன், காவல்துறை வந்தால் என்ன?” என்று நம்மிடம் கேட்டார். நல்ல கேள்விதான். அவர்கள் வரும்வரை அவரே தலைவர். வந்தபின் நிலவரத்தைச் சொல்லி, பொறுப்பை ஒப்படைத்து, வழிகாட்டியாக நிற்பதே அவர் வேலை. இரு தலைவர் இருவேறு கட்டளையிட்டால் குழாய் பிடித்தவன் எவர் சொல்லைக் கேட்பான்?

1970-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காட்டுத்தீ பரவியபோது இதுவே நிகழ்ந்தது. பல துறைகள் ஓடிவந்தன, ஒன்றின் வானொலி மற்றொன்றுக்குக் கேட்கவில்லை, ஒரே பொருளுக்கு வெவ்வேறு பெயர் வழங்கினர், கட்டளைகள் மோதிக்கொண்டன. அந்தத் தீயில் 16 பேர் மாண்டனர். அதன் விளைவாகவே ஒரே தலைமை, அதன்கீழ் களப்பணி, திட்டம், பொருள் வழங்கல், செலவுக் கணக்கு என்ற பிரிவுகள் கொண்ட முறை உருவாயிற்று. ஒருவர் நேரடியாக மேற்பார்க்கத் தக்கவர் மூவர் முதல் எழுவர் வரை. ஐவர் என்பது மிகப் பொருத்தம் என்றும் வகுத்தனர். நம் மண்டோர்கள் அன்றாடம் இதனினும் மிகுதியான ஆட்களை மேய்ப்பவர்கள்தாம். ஆயின் புகைக்கு நடுவே அது நடவாது.

ஆட்களைத் தெரிந்தெடுத்தல்

சட்டம் ஓரளவு வழிகாட்டுகிறது. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருத்தல் வேண்டும். 100 பேர் வரை உள்ள இடத்தில் நிர்வாகத் தரப்பில் இருவரும் தொழிலாளர் தரப்பில் இருவரும், அதற்கு மேற்பட்டால் நால்வர் நால்வரும் குறைந்த அளவாம். மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் அது கூட வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி ஐவரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், பாதுகாப்பு அதிகாரி இல்லாவிடின், ஓர் ஒருங்கிணைப்பாளரையாவது நியமித்தாக வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தக்க காரணத்தோடு கருதும் தொழிலாளி அவ்விடத்தை விட்டு அகலும் உரிமையும் இத்திருத்தத்தில் உண்டு. இதனைப் பலர் அறியார்.

ஆனால் மூன்று மாதத்திற்கு ஒருமுறை கூடும் குழு வேறு, மூன்று நிமிடத்தில் ஓட வேண்டிய குழு வேறு. பின்னதை அமைக்கும்போது பதவியைப் பார்ப்பதிலும் வீட்டைப் பார்ப்பதே மேல். இரவில் தோட்டத்திலேயே தங்குபவர் யார்? ஆலையில் எந்த நேர மாற்றில் யார் இருப்பார்? லாரி ஓட்டத் தெரிந்தவர், நீர்ப்பம்பின் வால்வு எங்கே உள்ளதென அறிந்தவர், மின்சாரத்தை நிறுத்தத் தெரிந்தவர், நேப்பாளியோ வங்காளமோ பேசக்கூடியவர் யார் யார்? ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒருவரை எழுதினால் போதாது; அவர் இல்லாதபோது இன்னார், அவரும் இல்லாவிடில் இன்னார் என மூவரை எழுத வேண்டும். சாவிக்கும் இவ்விதி பொருந்தும்.

ஆயாக் கொட்டகையை நடத்தும் பெண்களைப் பெரும்பாலான பட்டியல்கள் மறந்துவிடுகின்றன. இது பெருங்குறை. லயத்தில் எந்த வீட்டில் நடக்க இயலாத கிழவி படுத்திருக்கிறாள், எவள் நிறைமாதம், எந்தப் பிள்ளைக்கு இழுப்பு என்பதை அவர்களே அறிவர். மக்களை எண்ணிக் கூட்டும் பொறுப்பை நாம் அவர்களிடமே ஒப்படைப்போம்.

ஒரு காலத்தில் தோட்டந்தோறும் ஆஸ்பத்திரியும் டிரெசரும் இருந்தனர். இன்று பல இடங்களில் அவ்வசதி இல்லை. ஆகவே முதலுதவிப் பயிற்சி பெற்றவர் ஒவ்வொரு டிவிஷனிலும் இருத்தல் இன்றியமையாதது. பாம்பு கடித்தால் கயிற்றால் இறுகக் கட்டுவதும் கடிவாயைக் கீறுவதும் இன்னும் நடக்கின்றன. இரண்டுமே கூடா. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே செய்யத்தக்கது.

ஒத்திகை ஆண்டுக்கு இருமுறையாவது வேண்டும். அதில் ஒன்று இரவில் நடக்கட்டும். ஆள் மாறும் அன்றே பலகையில் பெயரும் மாற வேண்டும். கண்ணாடியிட்டுப் பூட்டிய பலகையைவிடச் சுண்ணக்கட்டியால் எழுதிய கரும்பலகை நல்லது என்பது நம் பழைய ஆசிரியப் புத்தியாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. 999 எண்ணை அழைப்பவருக்குத் தோட்டத்தில் தெருப்பெயர் சொல்ல இயலாது. தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், கட்டை எண், மிக அருகிலுள்ள பள்ளி அல்லது கோயில், நுழைய வேண்டிய வாயில் ஆகியவற்றைத் தொலைபேசிக்கு அருகிலேயே மலாயில் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரங்களில் ஒரே தோட்டத்திற்கு இரண்டு மூன்று சாலைகளிலிருந்து வழி இருக்கலாம். வண்டி தவறான வாயிலில் நுழைந்தால் செம்பனைக் காட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அழைப்பு முடிந்த உடனே மோட்டார் சைக்கிளில் ஒருவர் கைவிளக்குடன் பெருஞ்சாலைச் சந்திக்குச் சென்று நிற்க வேண்டும். அவர் பெயரும், அவருக்கு மாற்றானவர் பெயரும் பலகையில் இருக்கட்டும்.